சேறு வாரப் போன இடத்தில்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் பிற்பகலில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் தந்திருக்கிறோம். - மலர்க் குழு)



"கனடாவில் வேலை வாய்ப்புகள்" என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான் செயலாளர் அண்ணன் எனக்கு எழுதியிருந்தார். அதைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர் என்னைவிட நன்றாகவே பேசிவிட்டார். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது சேறு. துறைமுகத்து அடியில் கிடக்கிற, விஷம் ஏறிய சேறு. பத்து வருஷத்துக்கும் மேலாக எனக்குச் சோறு போடுவது அதுதான். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சேற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள்.

நம்ம சிவில் பிளாக்கில் தரைத்தளத்தில் இருக்கிற மண் பரிசோதனைக்கூடம் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். கசக்ராண்டே கருவி. பித்தளைக் கிண்ணத்தில் ஈரமண்ணைப் பூசி, நடுவில் ஒரு கோடு கிழித்து, கைப்பிடியைச் சுற்றினால் டொக் டொக்கென்று விழும். 25 தட்டில் கோடு மூடினால் அந்த ஈரப்பதம்தான் நீர்ம எல்லை. நாங்கள் பாதிப் பேர் தட்டை எண்ணாமலே ரெக்கார்டில் 25 என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள். கனடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு வாளிச் சேற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். கிண்ணத்தில் பூசிக் கோடு கிழித்தேன். ஒரு தட்டுகூடத் தட்டவில்லை, கோடு தானாகவே மூடிக்கொண்டது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மண் என்று சொல்வதா, கஞ்சி என்று சொல்வதா? அன்றைக்கு எங்கள் பேராசிரியரை நினைத்துக் கொண்டேன். "மொதல்ல கையால தொட்டுப் பாருடா, அப்புறம் கருவிக்குப் போ" என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலைக் கழிவு தண்ணீரில் கலந்தால் தண்ணீரோடு போய்விடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தோம். ஆனால் பாதரசம், காட்மியம், டயாக்சின் மாதிரிச் சரக்குகளுக்குத் தண்ணீரில் மிதந்து கொண்டிருப்பதைவிட நுண்ணிய களிமண்ணோடும் மக்கிய தூளோடும் ஒட்டிக் கொள்வதுதான் பிடிக்கும். ஒட்டிக் கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே தண்ணீரை எடுத்துச் சோதித்தால் பரவாயில்லை என்று வரும். கீழே சேற்றில் புழு தின்னும், புழுவை நண்டு தின்னும், நண்டையும் மீனையும் நாம் தின்போம்.

இதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் கையில் இருப்பது மூன்று வழி. புதிய வண்டல் தானாக மேலே படிந்து மூடட்டும் என்று விட்டுவிடுவது ஒன்று. மணலைக் கொட்டிப் போர்வை மாதிரி மூடுவது இன்னொன்று. தூர்வாரி வெளியே எடுப்பது மூன்றாவது. எடுப்பதில் இரண்டு தலைவலி. வாரும்போது கலங்குகிறது, எடுத்த பிறகு எங்கே வைப்பது? இந்த 'எங்கே வைப்பது' என்கிற கேள்வியில்தான் இன்றைக்கு நான் சொல்ல வந்த கதை மாட்டிக் கொண்டு நின்றது.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம். அதன் வடகரையில் பிக்டூ லேண்டிங் என்ற ஊர். அங்கே இருப்பவர்கள் மிக்மாக் என்ற பூர்வகுடி மக்கள். ஊரை ஒட்டி ஒரு கழிமுகம். நம்ம ஊர் உப்பங்கழி மாதிரி, கடல் ஏறினால் நீர் ஏறும், இறங்கினால் இறங்கும். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் போட் ஹார்பர். மிக்மாக் மொழியில் ஆசேக். அந்தச் சொல்லுக்கு 'இன்னொரு அறை' என்று அர்த்தம் சொல்கிறார்கள். வீட்டில் கூடம் இருக்கு, அடுக்களை இருக்கு, அது மாதிரி இது இன்னொரு அறை. சிப்பி பொறுக்கினார்கள், விலாங்கு பிடித்தார்கள், கரையில் மூலிகை பறித்தார்கள், பிள்ளைகள் நீந்தக் கற்றுக் கொண்டார்கள்.

1960களில் பக்கத்தில் ஒரு பெரிய காகிதக்கூழ் ஆலை வருவதாக முடிவானது. கழிவுநீரை விட ஓர் இடம் வேண்டும். அதற்கு ஆசேக்கைப் பார்த்தார்கள். மிக்மாக் தலைவரையும் அவரோடு இன்னொருவரையும் பக்கத்து மாகாணத்தில் செயின்ட் ஜான் என்ற ஊருக்கு அழைத்துப் போய், தெளிந்த தண்ணீரைக் காட்டி, உங்க ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள். காட்டியது காகிதக்கூழ் ஆலைக் கழிவே இல்லை என்பது பின்னால்தான் தெரிய வந்தது. 1966ல் 60,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1967ல் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர். கடலோடு சேரும் இடத்தில் அணை கட்டினார்கள். அலை ஏறுவதும் இறங்குவதும் நின்று போயிற்று.

அந்தத் தெளிந்த தண்ணீரைக் காட்டியவர்களில் படித்தவர்கள், நம்மைப் போல் பட்டம் வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கழிவு வந்த கொஞ்ச நாளிலேயே மீன் செத்து மிதந்தது. முட்டை அழுகிய வாடை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று இங்கே இரண்டாம் வருஷப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 1972ல்தான் படியவைக்கும் குட்டைகளும் காற்றூட்டும் குட்டையும் கட்டினார்கள். ஆலைக்குப் பக்கத்தில் குளோரின் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையும் 1992 வரை இருந்தது, பாதரசத்தை வைத்து நடத்துகிற முறை. குளோரின் போட்டுக் கூழை வெளுத்த காலத்தின் டயாக்சினும் ஃபியூரானும் சேற்றில் தங்கின. 1993ல் மத்திய அரசு நீதிமன்றத்துக்கு வெளியே 3.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்து கொண்டது. பணம் வந்தது. கழிவும் வந்து கொண்டேதான் இருந்தது. ஆலை கைமாறிக் கைமாறிப் போயிற்று. மூடப் போகிறோம், இதோ மூடப் போகிறோம் என்று தேதி சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள்.

2014 ஜூன் 10ஆம் தேதி அந்தக் குழாய் உடைந்தது. உடைந்த இடம் அவர்களுடைய முன்னோர்களைப் புதைத்த இடம். 4.7 கோடி லிட்டர் கழிவு வெளியே கொட்டியது. ஊர் மக்கள் போய்ச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பழுது பார்க்க ஆட்களை விடவில்லை. மூடுவதற்குச் சட்டம் போட்டால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். அப்போது தலைவராக இருந்தவர் ஆண்ட்ரியா பால் என்ற பெண்மணி. ஒரு வாரத்துக்குள் உடன்படிக்கை வந்தது. 2015 மே மாதம் சட்டசபையில் போட் ஹார்பர் சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரி 31க்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவு போகக்கூடாது. கெடு நெருங்கியபோது நீட்டிக்கச் சொல்லிப் பெரிய நெருக்கடி. ஆலையில் நேரடியாகவே சுமார் 300 பேருக்கு வேலை; மரம் வெட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர் என்று அதை நம்பிப் பல குடும்பங்கள். அவர்களுடைய வயிற்றெரிச்சலையும் நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன், என்னோடு வேலை செய்கிற ஒருவரின் அப்பா அந்தத் தொழிலில் இருந்தவர். 2019 டிசம்பர் 20ல் மாகாண முதல்வர் ஸ்டீபன் மெக்நீல், கெடு கெடுதான் என்று அறிவித்தார். கழிவு நின்றது.

நின்ற பிறகுதான் நம்ம வேலை ஆரம்பம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் படிந்த கறுப்புச் சேறு. அதற்கு அடியில் பழைய கடல் களிமண், சாம்பல் நிறம். வெட்டி எடுத்த மண் உருளையைப் பார்த்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும்: மேலே ஆலை, கீழே ஆசேக். நான் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவன் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனவன், தொழில் ஒன்றாக இருப்பதால் கொஞ்சம் விவரமாக வேடிக்கை பார்த்தவன்.

இந்த மாதிரிச் சேற்றுக்கு இப்போது நாங்கள் செய்கிற வைத்தியம் கேட்க எளிது. மிதவையில் இருந்து உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரைக்குக் கொண்டு வருவது. வழியில் பாலிமர் கலப்பது. நம்ம லேபில் ஜாடிச் சோதனை செய்வோமே, படிகாரம் போட்டுக் கலக்கினால் பஞ்சு பஞ்சாகத் திரளுமே, அதே சங்கதிதான். திரண்ட சேற்றை ஜியோடெக்ஸ்டைல் துணியில் தைத்த ராட்சசப் பைகளில் அடைப்பது. ஒரு பை நம்ம பஸ்ஸைவிட நீளம். தண்ணீர் துணி வழியாகக் கசியும், சேறும் அதில் ஒட்டிய விஷமும் உள்ளே தங்கும். கசிந்த தண்ணீரைச் சுத்திகரித்து விடுவது. ஆசேக்கின் ஒரு மூலையில் 2018, 2019ல் சோதனை அளவில் இதைச் செய்து பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. 2019ல் மத்திய அரசு 10 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக் கொண்டது, மீதி மாகாணத்தின் பொறுப்பு.

சரி, பைகளை எங்கே வைப்பது? ஆசேக் கரையிலேயே, சமூகத்தின் நிலத்தை ஒட்டி, பழைய ஆலைச் சேற்றைக் கொட்டிவைத்த ஒரு குழி இருந்தது. அடியில் பூச்சுப் போட்டு, மேலே மூடி, காலாகாலத்துக்கும் கண்காணிக்கலாம் என்பது மாகாணத்தின் யோசனை. பொறியியல் கணக்கில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. லாரி போக்குவரத்து மிச்சம், செலவு மிச்சம், வழியில் சிந்தும் ஆபத்து இல்லை. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நானும் இதையே எழுதி முழு மார்க் வாங்கியிருப்பேன்.

ஊர் எதிர்த்தது. விஷத்தை எடுத்து எங்கள் வாசலிலேயே வேறு பெட்டியில் வைப்பதற்குப் பேர் சுத்தம் செய்வதா என்று கேட்டது. கசிவு எண்ணைக் காட்டினாலும், பூச்சு எத்தனை வருஷம் தாங்கும் என்று காட்டினாலும் பதில் ஒன்றுதான். எனக்கு முதலில் இது பிடிவாதமாகத் தெரிந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பிறகுதான் உறைத்தது. இதே மாதிரி உறுதிமொழியை ஏற்கெனவே ஒரு முறை, கையில் தெளிந்த தண்ணீரோடு, கேட்டவர்கள் அவர்கள். அந்தக் குழி அங்கே இருக்கிற வரைக்கும் ஒரு தாய் தன் பிள்ளையை ஆசேக்கில் இறங்கு என்று சொல்வாளா? இறங்காத தண்ணீரை எவ்வளவு சுத்தமாக வைத்து என்ன பிரயோஜனம்? திட்டத்தின் குறிக்கோளாக எழுதி வைத்திருப்பதே, அணையை எடுத்து ஆசேக்கைப் பழையபடி அலை ஏறி இறங்கும் கழிமுகமாக ஆக்குவது என்பதுதான். மக்கள் போகாவிட்டால் அந்தக் குறிக்கோள் நிறைவேறியதாகக் கணக்கில் வராது.

அதே மாகாணத்தில் சிட்னி என்று ஓர் ஊர், ஆஸ்திரேலியாவில் உள்ளது வேறு. அங்கே உருக்காலைத் தார்க் கழிவு சேர்ந்த குளங்கள். சேற்றோடு சிமென்ட்டைக் கலந்து அங்கேயே இறுக வைத்து, மேலே மூடி, 2013ல் பூங்காவாகத் திறந்தார்கள். 40 கோடி டாலர் வேலை. அங்கே அது சரிப்பட்டது என்பதால் இங்கேயும் சரிப்படும் என்று சொல்லும் பொறியாளர்கள் உண்டு. பூங்காவில் நடக்கத்தான் வருவார்கள். ஆசேக்கில் சாப்பிட வருவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இனி என் சொந்தக் கதை ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வேறு ஒரு துறைமுகம், வேறு ஒரு மிக்மாக் சமூகம். பெயரெல்லாம் வேண்டாம். 50 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு மாதிரி எடுத்தோம். அழகான வரைபடம், சிவப்பு மஞ்சள் பச்சை. ஒரு சின்ன வளைகுடாவில் 30 சென்டிமீட்டர் மணல் போர்வை போதும் என்று நான்தான் கணக்குப் போட்டேன். புழு பூச்சி நோண்டுவது மேல் 10, 15 சென்டிமீட்டர்தான். அதற்கு இரண்டு மடங்கு போட்டாயிற்று. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சமூகக் கூடத்தில் கூட்டம். படத்தைப் போட்டு விளக்கினேன். கேள்வி உண்டா என்றேன். பின்னால் இருந்து ஒரு பெரியவர், எழுபது எழுபத்தைந்து வயசிருக்கும், எழுந்து வந்து திரையில் அந்த வளைகுடா மேல் கையை வைத்தார்.

"இங்கே குளிர்காலத்தில் நாங்க என்ன செய்வோம் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, நீளக் கம்பு ஈட்டியால் சேற்றைக் குத்துவோம். விலாங்கு குளிர் காலத்தில் சேற்றுக்குள்ளே புதைஞ்சு தூங்கும். என் அப்பா ஈட்டி இவ்வளவு உள்ளே போகும்" என்று தன் முழங்கைக்கு மேலே காட்டினார். "உங்க மணல் எவ்வளவு சொன்னீங்க?"

30 சென்டிமீட்டர் என்று நான் திரும்பச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மணலைத் துளைத்துக் கொண்டு விலாங்கு போகும், நாங்கள் புதைத்த சேற்றிலேயே போய்ப் படுக்கும், வசந்தத்தில் அவர்கள் தட்டுக்கு வரும். என் கட்டத்தில் அந்த வளைகுடாவில் விழுந்தது இரண்டே இரண்டு மாதிரிப் புள்ளிகள், இரண்டும் விலாங்கு படுக்கும் இடத்தில் இல்லை. அதுவும் அவர்தான் காட்டினார்.

கூட்டம் முடிந்து வண்டியில் திரும்பும்போது என் மேலதிகாரி, "இது அறிக்கைக்கான தகவல் இல்லை, வாய்மொழிச் செய்தி, பின்னிணைப்பில் ஒரு வரி போடு" என்றார். நான் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன் ஐயா, வீரமாக எதிர்த்தேன் என்று கதை விடப் போவதில்லை. விசா புதுப்பிக்கிற நேரம், வீட்டில் ஆறு மாதக் குழந்தை. இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை. பிறகு அறிக்கையின் வரைவு சமூகத்தின் சார்பில் படிக்கிற உயிரியல் நிபுணரிடம் போனது. அவர்களே வேலைக்கு வைத்தவர், சம்பளம் திட்டப் பணத்தில். அவர் பெரியவர் சொன்னதை எடுத்து முதல் பக்கத்துக் கேள்வியாகவே வைத்துவிட்டார். எங்கள் நிறுவனம் திரும்பப் போய் அந்த வளைகுடாவில் மாதிரி எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை படகில் பெரியவரும் இருந்தார். இங்கே, இங்கே என்று அவர் கை காட்டிய இடமெல்லாம் குழாயை இறக்கினோம். சேறு எங்கள் வரைபடத்தில் இருந்ததைவிட ஆழம். மணல் போர்வை யோசனை அந்த இடத்துக்குக் கைவிடப்பட்டது, வாரி எடுப்பதென்று ஆயிற்று. அதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

கூட்டு முயற்சி, பங்கேற்பு என்றெல்லாம் அறிக்கைகளில் எழுதுகிறோமே, எனக்குத் தெரிந்து அதில் உயிருள்ள பகுதி அந்த உயிரியல் நிபுணரின் சம்பளம்தான். கூட்டம் போட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது எங்கேயும் நடக்கும். எதிர்த் தரப்புக்குத் தனக்கென்று நிபுணர் வைக்கப் பணம், மாற்று வழிகளைத் தேர்ந்தெடுக்கும் முன்னாலேயே மேஜையில் நாற்காலி, இது இரண்டும் இருந்தால்தான் பெரியவர் சொன்னது பின்னிணைப்பைத் தாண்டும். எஸ்கசோனி என்ற ஊரைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மூத்தவர் இதற்கு ஒரு சொல் தந்திருக்கிறார், எதுவாப்துமுங்க் என்று வரும். ஒரு கண்ணால் அவர்கள் அறிவின் பலத்தையும், மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலின் பலத்தையும் பார்ப்பது, இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து வைப்பது. அந்தப் பெரியவர் என் கணக்கைத் தப்பு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? சென்டிமீட்டர் எவ்வளவு என்றுதான் கேட்டார்.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு எண் மட்டும் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பிரியர்களுக்காக. ஒரு நீர்நிலை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறோம்? ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் சாப்பிடுவார் என்று ஓர் எண்ணை எடுத்துக் கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். அமெரிக்காவில் ரொம்ப காலம் புழங்கிய எண் நாளைக்கு 6.5 கிராம். மாதம் ஒரே ஒரு வேளை மீன். கண்டத்தின் அந்தப் பக்கம், பசிபிக் கரையில், கொலம்பியா ஆற்றங்கரையில் சால்மன் மீனையே உயிராக நினைக்கும் பூர்வகுடிகள் நான்கு இனத்தார் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டு மீன்வள ஆணையம் தானே மக்களிடம் கேட்டு 1994ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பெரியவர்கள் சராசரியாக நாளைக்கு 58.7 கிராம், அதிகம் சாப்பிடுகிறவர்கள் அதைப் போல மூன்று மடங்கு. பதினேழு வருஷம் வாதாடிய பிறகு 2011ல் ஒரேகான் மாநிலம் தன் தண்ணீர்த் தரத்துக்கான எண்ணை 175 கிராம் ஆக்கியது. சூத்திரம் மாறவில்லை, யாருடைய தட்டு என்பது மாறியது. மற்றதெல்லாம் அதே அளவில் இருந்தால், 6.5ல் இருந்து 175க்குப் போகும்போது அனுமதிக்கப்படும் விஷத்தின் அளவு இருபத்தேழில் ஒரு பங்காகக் குறையும். தம்பிகள் வீட்டில் போய் வகுத்துப் பார்க்கலாம்.

காலையில் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு தங்கை என்னைப் பிடித்து, "அண்ணா, எண்ணூரில் சாம்பல் படிஞ்சிருக்கே, அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். நான் அங்கே வேலை செய்தவன் இல்லை, இங்கிருந்து கை காட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அவளிடம் சொன்னது இதுதான்: கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலை போடுகிற அண்ணன்களில் யாராவது ஒருவரோடு விடியற்காலையில் படகில் போய் வா, எந்த இடத்தில் இறால் வரும், எந்த இடத்தில் இப்போது வருவதில்லை என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக் கொள், அதற்குப் பிறகு மாதிரிப் புள்ளிகளைப் போடு. புராஜக்ட்டுக்குக் கைடு ஒப்புக் கொள்வாரா என்று கேட்டாள். அவர் இதோ முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார், டீ இடைவேளையில் கேட்டுவிடு அம்மா.

மண் பரிசோதனைக்கூடத்தில் நேற்று எட்டிப் பார்த்தேன். அதே பித்தளைக் கிண்ணம், கைப்பிடி மட்டும் புதுசு. யாரோ ரெக்கார்டில் 25 என்று எழுதியிருந்தார்கள்.